ஏறாத மண்டை என்று ஒன்று இல்லை!

"அவனுக்கு மண்டையில ஏறாதுங்க. விட்டுடுங்க."

தஞ்சாவூர்ச் சீமையில் எந்த ஊர் டீக்கடையிலும், எந்தப் பள்ளிக்கூட வாசலிலும் இந்த வாக்கியம் காதில் விழும். அப்பா சொல்வார், தாத்தா சொல்வார், சில சமயம் வாத்தியாரே சொல்வார். யாரைப் பற்றிச் சொல்கிறார்களோ அந்தப் பிள்ளைக்கு ஏழோ எட்டோ வயது இருக்கும். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும். கொலை வழக்கில் நிற்பவனுக்குக்கூடச் சாட்சி விசாரணை உண்டு, மேல்முறையீடு உண்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டும் கிடையாது. ஒரே வரியில் ஆயுள் தண்டனை!

இந்தத் தீர்ப்பைக் கிழித்தெறியத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் பிள்ளையால் வாசிக்க முடியும். உங்களால் வாசிக்க வைக்க முடியும். பள்ளிக்கூடப் பக்கமே போகாதவராக நீங்கள் இருந்தாலும் முடியும். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, ஆதாரம் இருப்பதால் சொல்கிறேன்.

விதைக்கு ஆதாரம் கேட்கிறோமே!

டெல்டா விவசாயி எதையும் லேசில் நம்பிவிட மாட்டார். ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. ஆடுதுறை 36, ஆடுதுறை 43 என்று எண்ணைச் சொல்லித்தான் விதை கேட்பார். எத்தனை நாள் பயிர், எவ்வளவு தண்ணீர் குடிக்கும், மாவுக்கு எத்தனை மூட்டை காணும் என்று துருவித் துருவி விசாரிப்பார். ஒற்றை நாற்று நடவு வந்தபோது என்ன நடந்தது? குத்துக்கு ஒரே நாற்று, பதினான்கு நாள் இளநாற்று, 22.5 சென்டிமீட்டர் இடைவெளி என்றதும் வரப்பில் நின்று சிரித்தவர்கள் ஏராளம். "ஒத்த நாத்த நட்டா வெளைஞ்சிடுமா?" என்று கேட்டார்கள். பக்கத்து வயலில் அது தூர் கட்டி நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகு, சிரித்தவர்களில் பலரே அதை நட்டார்கள்.

பயிர் வாடினால் தண்ணீரைப் பார்க்கிறோம், உரத்தைப் பார்க்கிறோம், பூச்சி இருக்கிறதா என்று இலையைத் திருப்பிப் பார்க்கிறோம். "இந்த நாற்றுக்கு வளர இஷ்டமில்லை" என்று எந்த விவசாயியும் சொன்னதில்லை. பிள்ளை வாசிக்கத் திணறும்போது மட்டும் ஏன் பிள்ளையைக் குற்றம் சொல்கிறோம்? சொல்லிக்கொடுத்த முறை சரிதானா என்று ஏன் ஒருமுறைகூடத் திருப்பிப் பார்ப்பதில்லை?

கசப்பான எண், இனிப்பான எண்

முதலில் கசப்பு. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிச் சோதிக்கும் 'ஏசர்' ஆய்வு நாடு முழுக்கக் கிராமங்களில் நடக்கிறது. தமிழகக் கிராமங்களில் மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசித்த பிள்ளைகள் 2018-இல் 10.2 சதவீதம். 2022-இல் 4.8 சதவீதம். நூறு பேரில் ஐந்து பேர்கூட இல்லை.

கோபம் வருகிறதா? வரட்டும். ஆனால் அந்தக் கோபத்தோடு ஒரு கேள்வியையும் கேளுங்கள். நான்கே ஆண்டுகளில் தமிழகக் கிராமங்களில் வாசிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேரின் மண்டை கெட்டுப்போய்விட்டதா? கெட்டது மண்டை அல்ல. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. 2020 மார்ச்சில் பூட்டிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் 'அ' எழுதிப் பழக வேண்டிய பிள்ளை, பள்ளியைப் பார்க்காமலே இரண்டாம் வகுப்புக்குப் போனது.

இப்போது இனிப்பு. பொருளாதார அறிஞர்கள் அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழகக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். பெருந்தொற்றுக்கு முன்பு, 2019-இல் எடுத்த அளவும் அவர்கள் கையில் இருந்தது. 2021 டிசம்பரில் பார்த்தபோது பிள்ளைகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்த ஆறே மாதத்தில் அந்தப் பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிவிட்டது! மீண்டதில் ஏறக்குறைய கால் பங்கு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

அந்தத் திட்டத்தில் பாடம் நடத்தியது யார்? வெளிநாட்டு நிபுணர்களா? உங்கள் தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண். பக்கத்துத் தெருவில் டிகிரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த மருமகள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை வாங்கிக்கொண்டு, மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் மரத்தடியிலும் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள். மாநிலம் முழுக்க ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் போனார்கள், பலனும் அடைந்தார்கள்.

ஏறாத மண்டை என்றால் ஆறு மாதத்தில் எப்படி ஏறியது?

பேச்சு தானாக வரும், வாசிப்பு வராது

ஒரு அடிப்படை உண்மையை மனதில் பதியுங்கள். குழந்தை பேசுவதற்குப் பாடம் தேவையில்லை. நாலு பேர் பேசும் வீட்டில் வளர்ந்தால் போதும், பேச்சு வந்துவிடும். வாசிப்பு அப்படி வராது. மனிதன் பேசத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. எழுத்து வந்ததோ சுமார் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான். அதனால் மூளையில் வாசிப்புக்கென்று பிறவியிலேயே தனி இடம் கிடையாது. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பகுதியில் ஒரு சிறு இடத்தை மூளை எழுத்துக்காகப் பழக்கிக்கொள்கிறது என்று பிரெஞ்சு அறிஞர் ஸ்தானிஸ்லாஸ் தெஹான் விளக்கியிருக்கிறார். கலெக்டர் பிள்ளைக்கும் இதே கதைதான், களையெடுக்கும் தாயின் பிள்ளைக்கும் இதே கதைதான். யாருமே வாசிக்கத் தெரிந்து பிறப்பதில்லை. எல்லா மூளையையும் பழக்கித்தான் ஆக வேண்டும்.

எப்படிப் பழக்குவது? அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு ஏராளமான ஆய்வுகளை அலசி 2000-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை தந்தது. ஐந்து விஷயங்களை அது முன்வைத்தது. சொல்லுக்குள் இருக்கும் ஒலியைக் காதால் பிரிக்கத் தெரிய வேண்டும். எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்று ஒழுங்காகக் கற்க வேண்டும். தங்குதடையில்லாமல் வாசிக்கப் பழக வேண்டும். சொல்வளம் பெருக வேண்டும். படித்தது புரிய வேண்டும். இதில் ஒன்றை விட்டாலும் மற்றவை முடங்கும். அதற்கும் முன்பே, 1986-இல், கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன், அதைப் பேச்சாகக் கேட்டால் புரியும் திறன், இரண்டையும் பெருக்கினால் வருவதே வாசிப்பு. பெருக்கல் என்பதைக் கவனியுங்கள். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்.

'கெ... கா... க்... கு'

இதைத் தமிழில் கண்முன் பார்ப்போம். 'கொக்கு' என்று எழுதியிருக்கிறது. பிள்ளை விரலை வைத்து "கெ... கா... க்... கு" என்று வாசிக்கிறது. வகுப்பே சிரிக்கிறது. வாத்தியார் தலையில் அடித்துக்கொள்கிறார்.

சிரிக்காதீர்கள்! அந்தப் பிள்ளை முட்டாள் இல்லை, மகா கெட்டிக்காரன். முதலில் கொம்பு தெரிகிறது, அடுத்து 'க' தெரிகிறது. கொம்பும் 'க'வும் சேர்ந்தால் 'கெ' என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். அடுத்துக் கால் நிற்கிறது. கால் போட்டால் 'கா' என்றும் நீங்களே சொன்னீர்கள். பிள்ளை இரண்டு விதியையும் ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. கொம்பும் காலும் இரு பக்கமும் நின்றால் மூன்றாவதாக ஓர் ஒலி பிறக்கும் என்பதை யாரும் அதற்குத் தனியாகக் காட்டவில்லை. அவ்வளவுதான் கோளாறு! கெ, கா, கொ மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்து தெ, தா, தொ. அடுத்து பெ, பா, பொ. நாலு நாள், நாளைக்கு ஐந்து நிமிஷம். 'கெகாக்கு' பறந்துபோய்க் கொக்கு வந்து உட்காரும்.

247 எழுத்து என்று மலைக்காதீர்கள். உயிர் 12, மெய் 18, சில குறிகள், ஓர் ஆய்தம். இவற்றைப் பிடித்துவிட்டால் உயிர்மெய் 216-இல் பெரும்பகுதி தானாக அவிழும். உகர, ஊகார வரிசைகள் மட்டும் ஒரே அச்சில் வராது. கு, சு, து ஒவ்வொன்றும் ஒவ்வொரு உருவம். பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான். அங்கே கூடுதலாக நின்று நிதானித்துச் சொல்லிக்கொடுங்கள். பிள்ளை எழுத்துக்கு ஏற்றபடி வளைய வேண்டும் என்பது மட்டுமே சட்டமா என்ன? கற்கவும் அச்சடிக்கவும் எளிதாகட்டும் என்று 1978-இல் ணை, லை, ளை, னை போன்றவற்றின் பழைய வடிவங்களையே அரசாணை போட்டு மாற்றிய மாநிலம் இது!

இன்னொரு பொறியையும் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். அதன் பெயர் கோரஸ். வாத்தியார் ஒரு வரி சொல்ல, நாற்பது பிள்ளைகள் கூரை அதிரத் திருப்பிச் சொல்கிறார்கள். தெருவில் போகிறவர் "அடேயப்பா, என்னமாப் படிக்கிறாங்க" என்று பூரித்துப்போகிறார். அந்த நாற்பதில் எத்தனை பேர் வாசிக்கிறார்கள், எத்தனை பேர் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள்? பக்கத்தின் கடைசி வரியில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து "இது என்ன?" என்று கேளுங்கள். முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தால்தான் அந்தச் சொல்லை எட்டுகிறது என்றால் அது வாசிப்பு இல்லை. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிஷம் போதும். இன்று ராத்திரியே செய்துவிடலாம்.

தமிழ்த் தாத்தாவே திணறினார்

எழுத்துக் கூட்டத் தெரிந்தால் மட்டும் வேலை முடிந்துவிடுமா? முடியாது. இதற்குச் சாட்சி நம் காவிரிக்கரையிலேயே இருக்கிறார். 1855-இல் பிறந்த, பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்துக்காரர் உ.வே. சாமிநாதையர்!

வறுமை. மகனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் தேடி ஊர் ஊராகக் குடிபெயர்ந்தது அந்தக் குடும்பம். மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அந்த ஆண்டுதான் கும்பகோணத்து முனிசீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்கினார். முதலியாருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே படவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. பிரதியை வாங்கிப் பிரித்தார். எழுத்து தெரிந்தது, இலக்கணம் தெரிந்தது, ஆனால் பல இடங்கள் பிடிபடவில்லை. காரணம், அது சமணர்களின் உலகம். அந்த மரபு அவருக்குப் பழக்கமில்லை.

"என் மண்டையில் ஏறாது" என்று அவர் அந்தப் பிரதியைக் கட்டிப் பரணில் போட்டாரா? கும்பகோணத்தில் இருந்த சமணர்களின் வீடு தேடிப் போனார். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. அடுத்தடுத்துப் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் உலகத்தைப் பார்த்தன.

அவ்வளவு பெரிய வித்துவானுக்கே விஷயம் தெரியாத இடத்தில் வாசிப்பு முட்டி நின்றது. அப்படியிருக்க, "வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்று பேசி வளர்ந்த பிள்ளை, "வீட்டிற்குச் சென்று வருகிறேன்" என்ற புத்தக வரியின் முன் விழித்தால் அது குற்றமா? புத்தகத் தமிழ் முதலில் காது வழியாக உள்ளே போக வேண்டும். அதனால்தான் பிள்ளைகளுக்குக் கதையை வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறோம். தினமும். அலுக்காமல். புரியாததற்கு உ.வே.சா. கேட்டார், உங்கள் பிள்ளையும் கேட்கட்டும். கேள்வி கேட்கும் பிள்ளையை "வாயை மூடு" என்று அதட்டுகிற ஒவ்வொரு முறையும் ஒரு சொல் உள்ளே போகாமல் வாசலிலேயே திரும்பிவிடுகிறது.

வண்டி கட்டி வந்த புத்தகம்

"எங்க ஊர்ல புத்தகத்துக்கு எங்கங்க போறது?" என்கிறீர்களா? 1931-ஐத் திரும்பிப் பாருங்கள். மன்னார்குடி பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கிக் கிராமம் கிராமமாக ஓட்டினார். கரண்ட் இல்லாத காலம், தார் ரோடு இல்லாத காலம், ஊரில் பாதிக்கு மேல் கைநாட்டு. அந்தக் காலத்திலேயே நூலகம் மாடு பூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தது! இந்திய நூலக இயலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்ததும் இதே டெல்டாவில், சீர்காழியில், 1892-இல். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்று விதி வகுத்தவர் அவர். அந்த விதிகளைச் சொல்லும் அவருடைய நூல் வெளிவந்ததும் அதே 1931-இல்தான்.

தஞ்சைக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையைப் பாருங்கள். 1991-இல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கம் அங்கே அலையாக எழுந்தது. கல்குவாரியில் ஜல்லி உடைத்த பெண்கள் ராத்திரியில் சிலேட்டைப் பிடித்தார்கள். எழுத்தோடு நிற்கவில்லை, சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் பெடலை மிதித்தபோது கேலி பேசிய வாய்கள் தாமாக மூடிக்கொண்டன.

தஞ்சைப் பெரிய கோயில் சுவரைப் போய்ப் பாருங்கள். கோயிலில் ஆடிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரையும் எந்தத் தெரு, எந்த வீடு என்பதையும் கல்லில் வெட்டி வைத்த மண் இது. அந்தப் பெருமையைப் பேசப் பேச நெஞ்சு நிமிர்கிறது, சரி. அதே தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் ஒரு பத்து வயதுப் பிள்ளை பஸ் போர்டைப் படிக்கத் தெரியாமல் கண்டக்டரைக் கேட்டுக்கொண்டு நின்றால் அந்தப் பெருமை யாருக்குச் சோறு போடும்?

கைநாட்டு அம்மாவுக்கு

தாயே, இனி உங்களிடம் நேராகப் பேசுகிறேன். "நானே கைநாட்டு. நான் எங்கேருந்து சொல்லிக்குடுக்கிறது?" என்று ஒதுங்காதீர்கள். பெருக்கல் கணக்கில் பாதி உங்கள் கையில் இருக்கிறது.

ஒலியைப் பிரிக்கக் கற்றுத்தர எழுத்தே தேவையில்லை, காது போதும். நடவு முடிந்து வந்து அடுப்பை மூட்டும்போது கேளுங்கள்: "மரம் — இதுல 'ம'வை எடுத்துட்டா என்ன மிச்சம்? 'ரம்'. அதுக்கு முன்னாடி 'வ' போடு. வரம். 'த' போடு. தரம். 'க' போடு. கரம்." பிள்ளைக்கு இது விளையாட்டு. மூளைக்கோ இது வாசிப்பின் முதல் பாடம். விடுகதை போடுங்கள். உங்கள் அம்மா சொன்ன கதையைச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் "அவன் ஏன் அப்படிச் செஞ்சான்? நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப?" என்று கேளுங்கள். நாற்றங்கால், மடை, மதகு, பதர், களம் என்று உங்களுக்குத் தெரிந்த சொற்களை எல்லாம் அதன் காதில் போடுங்கள். எந்தச் சொல்லும் வீண் போகாது.

பிள்ளை வாசிக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். தப்பைத் திருத்த உங்களுக்குத் தெரியாது, பரவாயில்லை. "இன்னொரு தடவை படி, நல்லாருக்கு" என்று சொல்லத் தெரியுமே! ஒரே பக்கத்தை மூன்று, நான்கு தடவை வாசித்தால் தடுக்கல் குறைந்து சரளம் வரும் என்பது ஆராய்ச்சி கண்ட முடிவு. வீட்டில் புத்தகம் இல்லையா? உர மூட்டையில் எழுத்து இருக்கிறது. ரேஷன் கார்டில் உங்கள் பெயரே இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், கும்பகோணம்–பாபநாசம்–தஞ்சாவூர் பஸ் போர்டு எல்லாமே பாடப்புத்தகம்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன். தெஹானும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் பெரியவர்களான பிறகு வாசிக்கக் கற்றவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். எழுத்துக்கான இடம் அவர்களிடமும் உருவாகியிருந்தது. நாற்பதிலும் மூளை கதவைச் சாத்துவதில்லை, அம்மா. பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் கற்கலாம்.

வாத்தியாருக்கும் ஊர் இளைஞருக்கும்

ஆசிரியப் பெருமக்களே, 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். அதன் உயிர் எங்கே இருக்கிறது? பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, எங்கே நிற்கிறது என்று பார்த்து அங்கிருந்து கைப்பிடித்துக் கூட்டிப்போவதில்தான். இதற்கு உலகறிந்த ஆதாரம் நம் நாட்டிலேயே இருக்கிறது. மும்பையிலும் வடோதராவிலும் பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்கள், பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே உட்கார வைத்துத் தினமும் இரண்டு மணி நேரம் அடிப்படையைச் சொல்லிக்கொடுத்தார்கள். பிரதம் என்ற தொண்டு அமைப்பின் அந்த முயற்சியை அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் கூட்டாளிகளும் அளந்து பார்த்தார்கள். பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். இதுபோன்ற கள ஆய்வுகளுக்காகத்தான் 2019-இல் அவ்விருவருக்கும் மைக்கேல் கிரேமருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே பாடத்திட்டத்தை முடிப்பதைவிடப் பிள்ளையைத் தொடங்க வைப்பது பெரிய வேலை. 'அரும்பு' என்பது பாடம் தொடங்கும் இடம். அதை வசைச் சொல்லாக்கி விடாதீர்கள். காலையில் பசியோடு வந்த பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பதை அரசே உணர்ந்துதான், 2023 ஆகஸ்ட் 25-இல் நாகை மாவட்டத் திருக்குவளையிலிருந்து காலை உணவுத் திட்டத்தை மாநிலம் முழுக்க விரிவாக்கியது. வயிற்றுக்கு ஏற்பாடு ஆகிவிட்டது. அடுத்த பொறுப்பு உங்களுடையது.

தம்பி, தங்கைகளே! பேராவூரணியிலும் சேதுபாவாசத்திரத்திலும் கடைமடைக் கிராமங்களில் டிகிரியை மடித்து பீரோவில் வைத்திருக்கிறீர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். ஐந்து பிள்ளைகள் போதும். திண்ணை போதும். தினமும் ஒரு மணி நேரம் போதும். அங்கன்வாடியில் பகுதிநேரமாகக் கூடுதலாக ஒருவரைச் சேர்த்ததும் பாடம் நடக்கும் நேரம் இரண்டு மடங்கானது, பிள்ளைகளின் கற்றல் உயர்ந்தது என்று தமிழகத்தில் 640 மையங்களில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. ஒரு கூடுதல் ஆள்! அந்த ஆள் நீங்களாக ஏன் இருக்கக் கூடாது?

சாக்குப்போக்குக்கு முற்றுப்புள்ளி

"இங்கிலீஷ் மீடியத்துல போட்டிருக்கோம், தமிழ் எதுக்கு?" வீட்டில் பேசும் மொழியில் வாசிக்கப் பழகிய பிள்ளைக்கு, எழுத்து என்றால் ஒலி என்ற சூட்சுமம் பிடிபட்டுவிடுகிறது. அடுத்த மொழிக்கு அது கைகொடுக்கும். தமிழையும் விட்டு இங்கிலீஷையும் பிடிக்காத பிள்ளைக்கு இரண்டும் நஷ்டம்.

"போனை விட்டு நகர மாட்டேங்குறான்." அவன் கையில் போனைக் கொடுத்தது யார்? நீங்கள் அதைக் கீழே வைத்தால் அவனும் வைப்பான்.

"நேரமே இல்லை." நெல்லைக் கொட்டி வைத்துக் கொள்முதல் நிலையத்தில் ராத்திரி பகலாகக் காவல் காக்கிறோம். பிள்ளைக்குப் பதினைந்து நிமிஷம் கிடைக்காதா?

"உண்மையிலேயே எவ்வளவு சொன்னாலும் வரலைங்க." அப்படிச் சில பிள்ளைகள் இருக்கிறார்கள். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அதிலும் குறையில்லை என்றால் டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். கற்றல் குறைபாட்டை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே அங்கீகரித்திருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கும் இதே வழிதான். இன்னும் நிதானமாக, இன்னும் தெளிவாக, இன்னும் பல தடவை. அவர்களுக்கு உரியது கூடுதல் உதவி. பிரம்படியும் பட்டப்பெயரும் ஒருநாளும் அல்ல.

இன்றைக்கே தொடங்குங்கள்

ஜூன் பிறந்தால் மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். தண்ணீர் நம் கையில் இல்லை. மழை நம் கையில் இல்லை. நெல்லுக்கு விலையும் நம் கையில் இல்லை. பிள்ளையின் வாசிப்பு மட்டும் முழுக்க நம் கையில் இருக்கிறது. அதைத் திறக்க எந்த அரசாணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்று ராத்திரி பிள்ளையை மடியில் இருத்துங்கள். இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கொடுங்கள். எங்கே தடுக்குகிறது என்று கவனியுங்கள். ஒலியிலா, எழுத்திலா, வேகத்திலா, சொல்லிலா, பொருளிலா என்று பார்த்துவிட்டு, அந்த ஓர் இடத்தில் மட்டும் ஒரு வாரம் உழையுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே பக்கத்தை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். வித்தியாசத்தை உங்கள் காதே சொல்லும். வராவிட்டால் முறையை மாற்றுங்கள், பிள்ளையைத் திட்டாதீர்கள்.

அதற்குப் பிறகு டீக்கடையில் யாராவது "அவனுக்கு மண்டையில ஏறாதுங்க" என்று ஆரம்பித்தால், தலையைக் குனிந்துகொண்டு வராதீர்கள். பெஞ்சில் கிடக்கும் தினத்தந்தியை எடுத்துப் பிள்ளை கையில் கொடுத்து, "கண்ணு, பெரியவருக்குப் படிச்சுக் காட்டு" என்று சொல்லுங்கள். கடை முழுக்கக் கேட்கட்டும்!